தொட முன்னம்

தாதி றிபா மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சக தாதி அப்னா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கையுறைக்குள் மருதோண்டியின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. காலையில் வேலைக்கு வந்ததிலிருந்து றிபாவின் வெறுங்கையை அவள் காணவே இல்லை.

பிரசவ வாட்டில் சிசேரியன் காயங்கள் சீழ் பிடிக்கத் தொடங்கிச் சில வாரங்களாகிவிட்டன. பாண்டிருப்பு மீனவரின் மனைவி செல்லத்தங்கம் வீட்டுக்குப் போய், காயம் வெடித்துத் திரும்பி வந்து, யன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். தலைமைத் தாதியான மேட்றன் குழாய்களுக்கு மேலே கை கழுவும் படம் ஒட்டினார். கட்டிலுக்கு ஒரு கையில் தேய்க்கும் மருந்துப் போத்தல் தொங்கவிட்டார். சீழ் பிடிப்பது குறையவில்லை. தாதிகள் தங்கள் கையை நம்பினார்கள், மற்றவள் கையை நம்பவில்லை. நேற்று அப்னாவின் தங்கை அம்ஹாவுக்கும் இங்கேதான் வயிறு கிழித்தார்கள். அதிலிருந்து அப்னாவுக்கு வாட்டில் மனிதர்கள் தெரியவில்லை, கைகள் மட்டும் தெரிந்தன.

றிபாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வாரம். “அவர் கட்டாருக்குப் போகுமட்டும் மருதோண்டி மங்கக்கூடா. கழுவிக் கழுவிப் போயிட்டெண்டா, மாமி வேற ஆரோட பொண்டாட்டியோ எண்டு நினச்சிருவா” என்று தேநீர் குடிக்கும்போது சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்னாவும் சிரித்தாள். இப்போது அவள் மனத்துக்குள் கட்டில்களை எண்ணினாள். ஒரே கையுறையோடு எத்தனை கட்டில்?

வண்டி அம்ஹாவின் கட்டிலருகே நின்றது.

“விடுங்க றிபா. இவக்கு நான் கட்டுறன்.”

“ஏன் ராத்தா? இது என்ட கட்டில்தானே.”

“அந்தக் கிளவுஸ் எப்ப போட்டது?”

றிபா குப்பை வாளியின் மிதியைக் காலால் அமுக்கினாள். உள்ளே கசங்கிய கையுறைகள் குவிந்து கிடந்தன.

“பாருங்க. மருதோண்டிக்காகத்தான் போடுறன், அது மெய்தான். ஆனா கட்டிலுக்குக் கட்டில் மாத்தாம ஆரையும் தொடல்ல.”

அவை யாருடைய கையில் இருந்தவை என்று வாளி சொல்லாது. அப்னா அதைத்தான் நினைத்தாள். றிபாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

“விடியத்துல இருந்து என்ட கையயே பாக்கீங்க. நானும் உங்கட கையப் பாத்தன், ராத்தா. தொட்டுப்போட்டுத்தான் கழுவுறீங்க, முழங்கை வரைக்கும் தேச்சித் தேச்சி. தொட முன்னம் கழுவி நான் காணல்ல.”

“ரெண்டு பேரும் சண்டய மறுகா புடிங்களன்” என்றாள் அம்ஹா. “எனக்கு வயிறு நோகுது.”

அப்னா கழுவுவதை மேட்றனே பாராட்டியிருக்கிறார். வீட்டில் பத்து மாத மகன் முர்ஷித், உம்மா வந்ததும் அவள் விரலைத்தான் வாயில் வைத்துக் கடிப்பான். அவனுக்காகத்தான் இத்தனை தேய்ப்பு. கழுவிய பிறகு? போனை எடுப்பாள். கட்டில் திரையை இழுப்பாள். வண்டியைத் தள்ளுவாள். அதே கையோடு அடுத்த காயம். செல்லத்தங்கத்துக்கு முதல் நாள் மருந்து கட்டியவள் அவள்தான். கட்டிய பின் கழுவியது நினைவிருந்தது. கட்டுவதற்கு முன் என்ன செய்தாள் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அவள் குழாயடிக்குப் போனாள். றிபா பார்த்துக்கொண்டே நிற்பது முதுகில் தெரிந்தது. நகக்கண் வரை கழுவி, ஈரம் காயும்வரை கைகளை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தபடி வந்தாள். றிபா புதுக் கையுறை மாட்டி, பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். அம்ஹாவின் காயம் சுத்தமாக இருந்தது. இன்றைக்கு.

கட்டி முடித்ததும் றிபா வண்டியோடு வெளியே போய்விட்டாள். அப்னா தங்கையின் போர்வையை இழுத்துவிட்டு, நெற்றி முடியை ஒதுக்கினாள்.

“மிஸ், எனக்கும் மருந்து கட்டணுமே” என்று யன்னலோரத்திலிருந்து செல்லத்தங்கம் கேட்டாள்.

“ஓம் அக்கா, வாறன்.”

நடக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. அம்ஹாவைத் தொட்ட கை. கழுவவே தோன்றவில்லை. தங்கையின் உடம்பு அழுக்காகத் தெரியவில்லை.

திரும்பிக் குழாயடிக்கு வந்து குழாய்ப் பிடியில் கை வைத்தாள். வைத்தவள், அதைத் திருகுவதற்கு முன், றிபா பார்க்கிறாளா என்று வாசலைப் பார்த்தாள். றிபா அங்கே இல்லை. யன்னலோரக் கட்டிலில் செல்லத்தங்கம் வயிற்றுக் கட்டைத் தானே மெல்ல அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள், கண்ணை அப்னாவின் விரல்களிலிருந்து எடுக்காமல்.