போயிட்டு வாரேன்

மழைக்காலத்தில் மக்ரூன் தொழில் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த பண்டம் அது. ஈரக்காற்று பட்டால் நமத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். அப்படியொரு ஐப்பசியில்தான், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி ஜெப்ஸி, "வாடிக்கைக்காரங்களுக்கு மாசாமாசம் இமெயில்ல ஒரு கடுதாசி அனுப்பப் போறேன்" என்றாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. நாள் முழுக்க இமெயிலில்தான் என் பிழைப்பு. அதில் ஒன்றைக்கூட நான் ஆசையாகப் படித்ததில்லை.

"ஊரே வாட்ஸ்அப்புல கெடக்கு. இமெயில எவன் பாப்பான்?"

"வெளிநாட்டுல இருக்க நம்ம ஊர்க்காரங்க பாப்பாங்க" என்றாள். ஒரு டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு, "அப்பாவும் பாப்பாங்க" என்றாள்.

விஷயம் அதுதான். அவள் அப்பா சுந்தரராஜ், நாசரேத்தில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஓட்டப்பிடாரத்துக்காரனான, கோயிலுக்குப் போகிறவனான என்னைக் கட்டிக்கொள்ள ஜெப்ஸி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து மனுஷன் பேச்சை நிறுத்தியவர்தான். அவள் போன் நம்பரைத் தடுத்து வைத்தார். சமாதானம் பேசப் போனவர்களுக்குக் காப்பி கொடுத்து, எங்கள் பேச்சை எடுத்ததும் எழுந்து போனார். அவள் அம்மா ஹில்டா புருஷன் வார்த்தையைத் தாண்டாதவர். ஆனால் காலையில் வேதம் வாசித்து முடித்ததும், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இமெயிலைத் திறக்கிற பழக்கம் மாமாவுக்கு உண்டு. வங்கி அனுப்புகிற விளம்பரத்தைக்கூடக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பாராம்.

"மக எழுதுன கடுதாசின்னாதான வீம்பு? கடை விளம்பரத்துக்கு என்ன வீம்பு?" என்றாள் ஜெப்ஸி.

முதல் கடிதத்தை அவள் எழுதி முடிக்கப் பல நாள் ஆயிற்று. மழைநாளில் மக்ரூனை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஆரம்பித்திருந்தாள். அப்புறம், விடைத்தாள் திருத்தத் தூத்துக்குடிக்குப் போன அப்பா ஒரு மக்ரூன் பொட்டலத்தோடு திரும்பி வருவதையும், அடியில் கிடக்கிற தூளுக்கு அவள் அடித்துக்கொண்டதையும், அந்தத் தூளுக்காகவே பிற்பாடு இந்தத் தொழிலுக்கு வந்ததையும் எழுதியிருந்தாள். ஊருக்கெல்லாம் போகிற கடிதம்தான். ஆனால் ஒரே ஒருவருக்காக எழுதியது என்று எனக்குத் தெரிந்தது. நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இந்த மாதிரிக் கடிதங்களின் அடியில், இனிமேல் வேண்டாம் என்கிறவர்கள் விலகிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தாக வேண்டும். அது இங்கிலீஷில் இருந்தது. எல்லாம் தமிழில் இருக்க, அது மட்டும் ஏன் அப்படி என்று ஜெப்ஸிக்குப் பொறுக்கவில்லை.

"'விலகு'ன்னு போடு" என்றேன்.

"மாட்ட வெரட்டுத மாதிரி இருக்கு. கடைக்கு வந்தவங்கள அப்படியா அனுப்புவோம்?"

யோசித்து, "போயிட்டு வாரேன்" என்று போட்டாள். அதை அமுக்கினால் வருகிற பக்கத்தையும் சும்மா விடவில்லை. "சந்தோஷம். போயிட்டு வாங்க" என்று எழுதினாள். உன்னை மாதிரி மரியாதைக்காரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நானும் கேலி செய்தேன்.

கடிதம் போன மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் செல்லோடு வந்து நின்றாள். யார் திறந்தார்கள், யார் விலகினார்கள் என்று அதில் தெரியும். சுந்தரராஜ் கடிதத்தைத் திறந்திருக்கிறார். சுந்தரராஜ் விலகிவிட்டார். திரையில் அவ்வளவுதான் இருந்தது.

"தூளப் பத்திப் படிச்சுட்டுமா?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "மனுஷன் அவ்வளவுதான். விட்டுத் தொலை" என்றேன். அவள் அடுப்படிக்குப் போனாள். அன்று போட்ட மக்ரூன் முழுக்கத் தீய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகும் மற்றவர்களுக்கு எழுதினாள். ஆனால் மாதாமாதம் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தார்கள். அதுவும் நல்ல நல்ல வாடிக்கைக்காரர்கள், கடைக்கு வந்தால் வாய் நிறையப் பேசுகிறவர்கள். பெற்ற அப்பனுக்கே பிடிக்காத எழுத்து அடுத்தவனுக்கு எங்கே பிடிக்கப் போகிறது என்று அவளே முடிவுகட்டினாள். மாசி வாக்கில் எழுதுவதை நிறுத்தினாள்.

பங்குனியில் மாமா இறந்துபோனார். மாரடைப்பு. தகவல் சொல்லி விட்டிருந்தார்கள், போனோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. ஜெப்ஸி சவப்பெட்டியிலிருந்து தள்ளி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும் கிளம்பினோம். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாதில்லையா? யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தோம். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

பஸ்ஸில் சொன்னாள்: "ஒரு கடை விளம்பரத்தக்கூட வேண்டாம்னு தள்ளுனவங்களுக்கு நான் எதுக்கு அழணும்?"

சித்திரையில் ஒரு நாள் ஜெயசிங் அண்ணாச்சி கடைக்கு வந்தார். எங்கள் பழைய வாடிக்கைக்காரர், முதலில் விலகியவர்களில் ஒருவர். நானும் அன்றைக்குக் கடையில் இருந்தேன். வந்ததும் வராததுமாக, "ஏம்மா, எனக்கு மட்டும் கடுதாசிய நிறுத்திட்ட. நான் என்ன தப்பு பண்ணுனேன்?" என்றார்.

"நீங்கதான அண்ணாச்சி வேண்டாம்னீங்க?"

"நான் எப்பம்மா வேண்டாம்னேன்? படிச்சு முடிச்சதும் மரியாதையா போயிட்டு வாரேன்னுதான சொன்னேன்? நீயும் சந்தோஷம், போயிட்டு வாங்கன்னு சொன்ன. இப்ப இப்படிச் சொல்லுத!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணாச்சியும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். ஜெப்ஸி பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி போனதும் நாசரேத்துக்குப் போன் போட்டாள். அம்மாவிடம் நலம் விசாரிக்கக்கூட இல்லை. "அம்மா, அப்பா என் இமெயிலப் படிச்சாங்களா?" என்றாள்.

"படிச்சாங்களாவா? தெனமும் வேதம் வாசிச்சிட்டு அந்த ஒரு கடுதாசியத்தான தொறப்பாங்க" என்றார் அத்தை. "முடிச்சிட்டு அந்த போயிட்டு வாரேன்ல வெரல வைப்பாங்க. 'ஏளா ஹில்டா, இங்கன பாரு, உன் மக போயிட்டு வாங்கன்னு சொல்லுதா'ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. அடுத்த கடுதாசி வரட்டும், ஒரு எட்டு கடையப் போயிப் பாத்துட்டு வருவோம்னு சொல்லிக்கிட்டே கெடந்தாங்க. நீ ஏம்மா பெறகு எழுதல?"

ஜெப்ஸி போனை என் பக்கம் நீட்டினாள். போனை வாங்கி நான்தான் ஏதோ சொல்லி வைத்தேன்.

ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அவங்க தெனமும் சொன்னதுக்கு நீயும் தெனமும் பதில் சொல்லித்தான இருக்க?" என்றேன்.

"அது நான் சொல்லல. அந்தப் பக்கம் சொல்லிச்சு."

லேப்டாப்பைத் திறந்தாள். பட்டனில் இருந்த வார்த்தையை அழித்துவிட்டு, 'விலகு' என்று அடித்தாள்.

"அப்பா தெனமும் சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள். "நான்தான் ரெண்டு தடவையும் அந்த வீட்டுலேர்ந்து சொல்லாம வந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவள் தன் அப்பாவுக்காக அழுதாள்.