கை தட்டி அனுப்பாத வீடு

ஆக்லாந்தில் டிட்டிராங்கி மேட்டிலுள்ள மரவீட்டில் படப்பிடிப்பு முடிந்த அன்று, எல்லோரையும் வெளியே விட்ட வாசல் நடிகை லூப்பேயை மட்டும் விடவில்லை. வாசலைத் தாண்டிக் காலை வைத்தால், அது அதே வீட்டுச் சமையலறையில் போய் ஊன்றியது. ஜன்னல் வழியே கை முழங்கை வரைக்கும் போகும், அதற்குமேல் போகாது. தச்சர்களைக் கூட்டிவந்து பக்கச்சுவரை இடித்தார்கள். இடித்த ஓட்டைக்கு அந்தப் பக்கமும் அதே சமையலறைதான், அடுப்பில் அதே கெட்டில். தச்சர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

படத்தின் கதை என்னவோ பழகிய கதைதான். ஏமாற்றிய புருஷனை கிளேர் என்கிற வெள்ளைக்காரி வீட்டுக்குள்ளேயே வைத்துப் பழிவாங்குகிறாள். லூப்பே சமோவாக்காரி, மேடையில் ராணி வேஷம் கட்டியவள். படத்தில் அவளுக்கு வேலைக்காரி வேஷம். பெயர் கிடையாது, வெறும் வேலைக்காரி. நடுக்கதையில் கிளேரிடம் கத்தியை எடுத்துக் கொடுப்பாள். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்பது எழுதிய ஹாமிஷுக்கும் தெரியாது, இயக்கிய ஹாமிஷுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே ஆள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய கடைசிக் காட்சி முடிந்ததும் உதவி இயக்குநர் அவர் பெயரை உரக்கச் சொல்வார், எல்லோரும் கைதட்டி வழியனுப்புவார்கள். பிணமாகப் போன புருஷனுக்குத் தட்டினார்கள். போலீஸ் வண்டியில் ஏறிய கிளேருக்குத் தட்டினார்கள். ஜன்னலில் குதித்து ஓடிய நாய்க்குக்கூடத் தட்டினார்கள். லூப்பேக்கு எது கடைசிக் காட்சி என்று ஒருத்தருக்கும் தெரியாததால் அவளுக்கு மட்டும் தட்டவில்லை. வாசல் விடாததற்குக் காரணம் இதுதான் என்று அவளேதான் யோசித்துக் கண்டுபிடித்தாள். யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்?

படம் ஓடு ஓடென்று ஓடியது. எல்லா இனத்துக்கும் இடம் கொடுத்த படம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. சுவரொட்டியில் கிளேரைவிட லூப்பேயின் முகம்தான் பெரிது. லூப்பே இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்று விருது மேடையில் ஹாமிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அதை அந்த வீட்டு டிவியில் பார்த்தாள்.

அக்டோபரில் சமோவாக்காரர்களின் தேவாலயச் சபையில் குழந்தைகளின் ஞாயிறு வரும். பிள்ளைகள் வெள்ளை உடுத்திச் சபைமுன் நின்று வசனம் சொல்வார்கள், அம்மாமார்கள் முன்வரிசையிலிருந்து கூடவே உதட்டை அசைப்பார்கள். லூப்பேயின் மகள் திரேசா, முன்வரிசையில் அம்மா இல்லாததால், இரண்டு வருஷம் கூரையைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் வருஷம் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினாள். மத்தியானம் சாப்பாட்டோடு ஜன்னலுக்கு வந்தவள், "இனிமே நான் நிக்கமாட்டேம்மா. நீ வந்தாத்தான்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை மகளின் தலைக்குக்கூட எட்டவில்லை. அன்றைக்கே லூப்பே ஹாமிஷுக்கு ஆள் அனுப்பினாள்.

"எனக்கு ஒரு காட்சி எழுது தம்பி. நான் வாசல் வழியா வெளியே போற காட்சி. பேரோட எழுது."

ரோஸ் என்று பெயர் வைக்கலாமா என்று ஹாமிஷ் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் மசினா என்று சமோவாப் பெயராகவே வைத்தான். ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மசினா வெளியேற வேண்டும், அவ்வளவுதான் காட்சி. அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. கிளேராக நடித்தவள் வெளிநாட்டில் இருந்தாள். முகம் தெரியப்போவதில்லை, கை மட்டும்தானே என்று ஹாமிஷே நின்றான். காட்சி முடிந்தது. மசினாவாக நடித்த லூப்பே என்று உதவி இயக்குநர் உரக்கச் சொன்னார், எல்லோரும் தட்டினார்கள். லூப்பேயின் கால் ஈரப்புல்லில் பதிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்து, ஏப்ரனும் கையுமாக ஹாமிஷ் கிளம்பினான். அவன் கால் சமையலறையில் போய் ஊன்றியது. ஏப்ரனை வாங்கிக்கொண்ட ஆளுக்குப் பெயரும் எழுதவில்லை, போகும் காட்சியும் எழுதவில்லை.

அடுத்த அக்டோபரில் திரேசா முன்வரிசையைப் பார்த்து ஒரு சொல் விடாமல் சொன்னாள். திரும்பும் வழியில் லூப்பே, சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் கட்டிய பொதியை அந்த மரவீட்டு ஜன்னலில் ஹாமிஷிடம் நீட்டினாள்.

"எனக்கு வாசல் காட்சி எழுதிட்டீங்களா லூப்பே?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. நீ யாருன்னுதான் இன்னும் பிடிபடல. பேரு வேற வைக்கணும்ல. சாப்பிடு, ஆறிடும்."

இப்போதெல்லாம் சபையில் ஞாயிற்றுச் சமையலுக்குக் கிழங்கு எடுக்கும்போது ஹாமிஷுக்கும் சேர்த்தே எடுக்கிறார்கள்.