லாபம், ரெண்டு, மூணு

தன் மகனுடைய நல்ல பெயருக்குப் பதினொரு பட்டுச்சேலை என்று கலியாணசுந்தரம் விலை பேசி முடித்தபோது காலை மணி பத்தரை. காந்தி ரோட்டில் அவருடைய பட்டுக் கடையில் இன்னும் போணிகூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சத்யராஜ் கேட்டது பதினைந்து. இவர் ஏழில் ஆரம்பித்தார். நடுவில் இரண்டு காப்பி, ஒரு பெருமூச்சு, எழுந்து போவதுபோல் ஒரு பாவனை. கடைசியில் பதினொன்று, அதிலும் முகூர்த்தச் சேலைக்கு மட்டும்தான் அசல் ஜரிகை.

பக்கத்தில் உட்கார்ந்து, தான் விலைபோவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான் உதயகுமார். வயது இருபத்தொன்பது. விமானப் பயிற்சிப் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சத்யராஜ் அந்தப் பள்ளியின் மேனேஜர். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியின் இரட்டை எஞ்சின் விமானத்தைச் சக்கரம் இறக்காமலே ஓடுபாதையில் இறக்கிவிட்டான் உதயகுமார். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. விமானம் மட்டும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நானூறு அடி போய் நின்றது. முன்விசிறி இரண்டும் வெயிலில் போட்ட வாழையிலைபோலச் சுருண்டிருந்தன.

எப்படி நடந்தது என்பதை அவன் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் முன்பலகையில் மூன்று பச்சை விளக்கு எரியும். பார்த்து எண்ணி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாணவி ஜீவிதாவுக்கு, ஒரு எஞ்சினை அடக்கி வைத்து ஓட்டும் பயிற்சி. அப்படி ஓட்டும்போது சக்கரம் மேலே இருக்கிற வரைக்கும் எச்சரிக்கை மணி அலறிக்கொண்டே இருக்கும். அரைமணி நேரம் அலறினால் எந்தக் காதும் அதைத் தள்ளுபடி செய்துவிடும். சக்கரத்தைக் கடைசியில் இறக்கலாம் என்று தள்ளிப்போட்டான். அந்தப் பெண் வேகத்தைக் குறையவிட்டாள். அவன் கண் வேகம் காட்டும் முள்ளிலேயே இருந்தது. விரல் மட்டும் விளக்குகளின் மேல் போய்த் தட்டியது. வாய் எண்ணியது: லாபம், ரெண்டு, மூணு. மூன்று பச்சை.

அது கடையில் பழகிய எண்ணிக்கை. முதல் உருப்படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான். நாற்பது சேலை அடுக்கையும் கலியாணசுந்தரம் விரலால் தட்டியே எண்ணுவார். கண் வாடிக்கையாளர் முகத்தை விட்டு நகராது. ஒருநாளும் தப்பியதில்லை. அடுக்கில் இல்லாத சேலை விரலுக்குத் தட்டுப்படாது. எரியாத விளக்கு தட்டுப்படும். அதுதான் வினையாகப் போனது.

யாராவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரே அனுதாபப்பட்டது. முடிவெட்டுகிறவர், "சக்கரத்துக்குன்னு தனியா ஒரு ஆள் போட மாட்டாங்களாபா?" என்று கேட்டார். பக்கத்துக் கடை தேவேந்திரன் தினமும் காலையில் வாசலில் நின்று ஆறுதல் சொன்னார். "வுடு உதயா. நம்ம ஊரு கருட வாகனமே கால மடக்கிக்கினு தான் இருக்குது. இன்னா, அதுக்குக் கீழ தோள் குடுக்க ஆள் இருக்குது. ஒனக்கு இல்ல."

வரும் ஜூன் மாதம் ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேரக் கடிதம் வந்திருந்தது. ஆறு வருடமாகக் காத்திருந்த கடிதம். விசாரணை அறிக்கையில் தப்பு அவன் பேரில் எழுதப்பட்டால் லைசென்ஸ் முடங்கும், அந்த வேலை போகும்.

சத்யராஜ் பையிலிருந்து, விசாரணைக்குப் போக வேண்டிய வாக்குமூலத் தாளை எடுத்து நீட்டினார். பயிற்றுநர் சக்கரத்தை இறக்கச் சொன்னதாகவும், மாணவி இறக்கிவிட்டதாகத் தவறாகச் சொன்னதாகவும் தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"அந்தப் பொண்ணு என்ன சார் ஆவும்?" என்றான் உதயகுமார்.

"வேற ஸ்கூல் பாத்துக்கும்."

"லோன் எடுத்துப் படிக்குது சார்."

"இந்தக் காலத்துல யாரு தம்பி லோன் எடுக்கல? சைன் பண்ணுங்க, எனக்கு டிராஃபிக் ஆயிடும்."

அந்த நேரத்தில்தான் தணிகாசலம் துணி மூட்டையோடு படியேறினார். இந்தக் கடைக்குப் பதினெட்டு வருடமாக நெய்கிறவர். கலியாணசுந்தரம் சேலையை வாங்கி விளக்கடியில் விரித்தார். உடலும் கரையும் சேர்கிற கோர்வையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு விரற்கடை அளவுக்குக் கரை பிடிக்காமல் வாய் பிளந்திருந்தது.

"வெள்ள நூல் எங்கபா?"

நெசவில் பிழை விழுந்தால், நெய்தவனே அந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் ஒரு வெள்ளை நூலை முடிந்து கொண்டுவர வேண்டும். அது அந்தக் கடையின் சட்டம். கோர்வைச் சேலைக்குத் தறியில் ஒருவர் போதாது; கரைப்பக்கம் நூல் ஓட்டும் நாடாவைப் போட இன்னொருவர் வேண்டும்.

"அந்தப் பக்கம் நாடா போட்டது எம் மச்சான் மொதலாளி. போட்டுட்டேன்னான். நானும் நம்பி அடிச்சிக்கினு போய்ட்டேன்."

"அவன் சொன்னா? ஒங் கண்ணு எங்க போச்சு? தறில ஒக்காந்தது நீ. கூலி ஒம் பேர்ல. நீ மச்சானக் காட்னா, நான் மச்சானத் தேடிக்கினு போவணுமா? நூல் முடிஞ்சு கொண்டாந்திருந்தா ஐந்நூறு ரூபாயோட போயிருக்கும். இப்ப நீ நல்லா நெய்ஞ்சதையும் நான் சந்தேகப்பட்டே பாக்கணும். எடுத்துக்கினு கெளம்பு."

"கரெக்ட் சார்," என்றார் சத்யராஜ், முகூர்த்தச் சேலையைத் தடவிக்கொண்டே. "டிசிப்ளின்னா இதான்."

உதயகுமாருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. கேட்பதற்கு நன்றாக இல்லை.

"இன்னாடா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லபா. இவரு மச்சானுக்கும் லோன் இருக்குதான்னு யோசிச்சேன்."

அப்பாவுக்கு உறைக்கச் சற்று நேரமானது. உறைத்ததும் சேலையை மடிக்கிற கை நின்றது.

"அது வேற, இது வேறடா."

"எதுலபா வேற?"

"அவன் நெசவுக்காரன். நீ எம் புள்ள."

அன்று காலையிலிருந்து அந்தக் கடையில் பேசப்பட்டதிலேயே விலை ஏற்றாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். உதயகுமார் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் எழுதினான். விளக்குகளை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே மூன்று பச்சை என்று சொன்னேன். மாணவி என் சொல்லை நம்பினாள். கையெழுத்து, தேதி.

சத்யராஜ் படித்தார். "தம்பி, இது போனா உங்க வேல போச்சு. ஏர்லைன்ஸும் போச்சு."

"தெரியும் சார்."

"ரெண்டு நாள் பொறுத்து எழுதலாமேடா," என்றார் அப்பா. எந்தப் பேரத்திலும் இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மகன் பேனாவை மூடிக் கொடுத்தான்.

தாளை மடித்துப் பையில் வைத்த சத்யராஜ், முகூர்த்தச் சேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முப்பத்தெட்டாயிரம்," என்றார் கலியாணசுந்தரம். "ஜிஎஸ்டி தனி."

சேலை பாய்க்கே திரும்பியது. சத்யராஜ் போனார். தணிகாசலம் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. பதினொரு சேலையையும் கலியாணசுந்தரம் தானே அடுக்கினார். குனிந்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து எண்ணினார்.

பத்து நாளில் பள்ளியிலிருந்து வேலைநீக்கக் கடிதம் வந்தது. லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம், பிறகு மறுபடி தேர்வு. விமானக் கம்பெனி இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தது. ஜீவிதா அனுப்பியது ஒரே வரி: "சார், எனக்கு வேற இன்ஸ்ட்ரக்டர் போட்டுட்டாங்க." நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று அவன் இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தேர்வு விண்ணப்பத்தில் இதுவரை ஓட்டிய மொத்தக் கணக்கைக் கேட்டிருந்தார்கள். கல்லாப் பக்கம் உட்கார்ந்து பறப்புக் குறிப்பேட்டைப் பிரித்தான். விரல் பழக்கத்தில் வரிகளைத் தட்டப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கண்ணால் எண்ணினான்.

மேலே ஏறியது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு தடவை. சக்கரத்தில் இறங்கியது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று. பாக்கி ஒன்று.