முள் ஏழில் நின்றது

மலையூரான நார்க்கண்டாவின் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே கேம்ராஜ் மூன்று தரம் பிரேக்கை மிதித்துவிட்டான். பக்கத்தில் இருந்த லாரிக்காரர் மன்சாராம் மனதுக்குள் எண்ணிக்கொண்டார். மூன்றுமே தேவையில்லாத மிதி. அறியாத வண்டியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்த லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்வது. ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலிருந்து கொஞ்சம் காற்று போகும். நல்ல வண்டியில் ஓட ஓட அது நிரம்பிவிடும். இதில் நிரம்பாது. பதினோரு மிதி தாங்கும், அதற்குமேல் கால் வெறும் தகரத்தை அழுத்துவது போலிருக்கும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாலு வருஷத்து லாரி. போன தீபாவளிக்கு முன்னால் ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. முப்பத்தெட்டாயிரம். பனிக்காலத்தில் நாலாவது கியர் தானாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. கியர் பெட்டியை இறக்கி ஏற்றியதில் இருபத்திரண்டாயிரம். பிறகு காற்று ஒழுகியது. ஒழுகும்போதெல்லாம் பின்சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றது. தியோக் ஊர் மெக்கானிக் பூட்டுகிற ஸ்பிரிங்குகளைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, "இனிமே பூட்டிக்காது. ஆனா ஹேண்ட்பிரேக்கும் கிடையாது, பாயிஜி. ஒழுங்காப் பண்ண எழுபதாயிரம் ஆகும். அதுவரைக்கும் மலையில இறக்கிடாதீங்க" என்றார். அந்த இடத்திலேயே வண்டியை யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று மன்சாராம் முடிவுகட்டினார். காற்றின் அளவைக் காட்டும் முள் எப்போதோ ஏழில் சிக்கி நின்றுபோயிருந்தது. அது நல்லதாகப் போயிற்று. காற்று குறைந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்கியது மட்டும் அவர் கை.

கடைத்தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். கேம்ராஜ் சம்மதித்திருப்பான். பதினெட்டு வருஷம் அடுத்தவன் லாரியை ஓட்டியவன், சொந்த வண்டி என்றதும் கண்ணில் ஒரு மினுமினுப்பு. அவன் மனைவி சுபத்ராதான் விடவில்லை.

"சமதரையில ஓட்டிப் பாத்து வாங்க இது என்ன சைக்கிளா? கீழ கிங்கல் வரைக்கும் இறங்கிப் பாத்துருவோம்" என்று சொல்லி, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு கேபினில் ஏறி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

தேவதாருக்கள் முடிந்து ஆப்பிள் தோட்டங்கள் தொடங்கின. இறக்கம் வலுத்தது. ஏழாவது மிதி. எட்டாவது.

"மூணாவது கியருக்கு வா, தம்பி."

"காலி வண்டிக்கு எதுக்கு பாயிஜி மூணாவது? முள்ளைப் பாருங்க, ஏழுல நிக்குது. காத்து கொட்டிக் கிடக்கு."

சுபத்ரா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

"ஜன்னல் ரப்பர், பாபிஜி. தேஞ்சு போச்சு."

பொய் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே திடுக்கென்றது. குழந்தை தூங்கிப்போய், சிவப்புக் காலுறை போட்ட ஒரு காலை அவர் தொடைமேல் நீட்டியிருந்தது. அதை நகர்த்தவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒன்பது. பத்து. இன்னும் நாலு வளைவு இறங்கினால் கிங்கல். அங்கே ஏதாவது சாக்குச் சொல்லி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, முதல் கியரிலேயே மேலே ஏற்றிவிடலாம். சாயங்காலத்துக்குள் கைமாறிவிடும். அப்புறம் அது கேம்ராஜின் லாரி. பதினொன்று.

வளைவு திரும்பியதும் கீழே சாலை வேலை நடப்பது தெரிந்தது. மழை அரித்த பாதி ரோட்டில் தார் உருளை புகைந்தது. ஏழெட்டுப் பெண்கள் தலையில் ஜல்லிக்கூடையோடு குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். கேம்ராஜின் கால் பிரேக்கை நோக்கி எழுந்தது.

"தொடாதே! பிரேக்கு இல்ல! காத்து போச்சு, கியர்ல புடி!"

கேம்ராஜ் ஒரு கணம் அவரைப் பார்த்தான், அவ்வளவுதான். மூன்றாவது கியர். இன்ஜின் ஊளையிட்டது. இரண்டாவது. பல்சக்கரம் கடித்து அலறியது. "மலையில உரசு, என் பக்கம் உரசு!" என்று மன்சாராம் கத்தினார். இடப்பக்கக் கண்ணாடி தெறித்தது. கதவுத் தகரம் பாறையில் கிழிபட்டபடி வர, அவர் முழங்கைக்கு அந்தப் பக்கம் மலை ஓடியது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். தார் உருளைக்குப் பத்தடி முன்னால் லாரி மலையில் சாய்ந்து நின்றது.

குழந்தை விழித்து அழுதது.

"ஹேண்ட்பிரேக்கப் போடுங்க" என்றாள் சுபத்ரா புருஷனிடம்.

"அது புடிக்காது" என்றார் மன்சாராம்.

அவள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எம்பொண்ணு காலு உங்க மடியிலதான இருந்துச்சு?"

சாலை வேலைப் பெண்கள் யாரும் சொல்லாமலே கல் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஒருத்தி மன்சாராமைப் பார்த்து, இந்தக் கிழட்டு எருமையை வெட்டிப் போட ஆள் கிடைக்கலையா என்று திட்டினாள். சுபத்ரா புருஷனைத் தாண்டி, அவன் பக்கத்துக் கதவு வழியாகக் குழந்தையோடு இறங்கினாள்.

கேம்ராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "இன்னும் என்னென்ன இருக்கு?" என்றான்.

மன்சாராம் சொன்னார். பிடுங்கிய மணி, இறுக்கிய ஸ்பிரிங், ஒழுகுகிற குழாய், வெடிப்பு விட்ட பின் டிரம், ஏற்றத்தில் சூடாகும் இன்ஜின், எதற்கு எவ்வளவு ஆகும் என்பது உட்பட. அவன் ஒன்றைக்கூட மறுபடி கேட்கவில்லை. முடிந்ததும் சீட்டுக்கடியிலிருந்து ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தான். இதற்குப் பிறகும் வாங்கத்தான் போகிறானா என்று மன்சாராமுக்குப் புரியவில்லை. அவர் பக்கத்துக் கதவு பாறையோடு பாறையாக நசுங்கியிருந்தது.

கீழிருந்து ராம்பூர் பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்தது. சுபத்ரா கையை நீட்டி அதை நிறுத்தினாள். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் ஏறும்மா" என்றான். ஒரு காலைப் படியில் வைத்தவள், இடுப்பில் குழந்தையோடு, அப்படியே நின்றாள். லாரிக்கடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைப் பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.