அபெலினோவின் வீடு நடந்த தூரம்

கில்மாய்கோ என்ற ஊரில் அபெலினோ சிகுவாயின் வீடு ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் கடலை நோக்கி நடந்தது. பக்கத்து வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. விறகடுப்பு, கோழிக்கூடு, சமையலறைக் கதவருகே நின்ற சிமெண்டுத் தூண், அதன் உச்சியில் இருந்த வெள்ளை ஆன்டெனா எல்லாம் வீட்டோடு சேர்ந்தே போயின. வசந்தம் வந்தால் அபெலினோ வேலிக்கம்பங்களைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவான். இந்த வருடம் உருளைக்கிழங்குக்கு நல்ல விலை இல்லை என்று பேசிக்கொள்ளும் அதே குரலில், அபெலினோவின் வீடு கொய்யாச்செடியைத் தாண்டிவிட்டது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். சிலோயே தீவின் மேற்குக் கரையில் வருடத்தில் பாதி நாள் மழை. யாருக்கும் எதற்கும் வியப்படையத் தெம்பு இருக்கவில்லை.

இந்த விஷயம் தெரியாதவள் ஊரில் ஒருத்திதான், அவள் அபெலினோவின் மனைவி மிர்த்தா. நிலநடுக்கத்தை ஆராய்வது அவள் வேலை. வருடத்தில் பத்து மாதம் வடக்கே நகரத்தில், ஒரு ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பாள். கடலுக்கடியில் இருக்கும் பூமித்தட்டு கரைக்குக் கீழே நுழையப் பார்க்கிறது. நடுவில் இரண்டும் சிக்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் கரை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நாட்டுப் பக்கம் வளைகிறது. ஒரு நாள் பிடி விட்டதும் மொத்தமாகக் கடல் பக்கம் துள்ளும். அந்த வளைவை அளக்கத்தான் கரை நெடுகத் தூண் நட்டு, செயற்கைக்கோள்களைக் கொண்டு ஒவ்வொரு தூணின் இடத்தையும் மயிரிழை பிசகாமல் குறித்து வந்தாள். முதல் தூணைத் தன் வீட்டுச் சமையலறைக் கதவருகேதான் நட்டாள். உலகத்தில் அசையாது என்று அவள் நம்பியது அந்த ஒரு இடத்தைத்தான்.

கரையெல்லாம் கிழக்கே போக, அந்தத் தூண் மட்டும் மேற்கே போனது. மிர்த்தா போல்ட்டை மாற்றினாள். அடுத்த வருடம் ஆன்டெனாவை மாற்றினாள். அதற்கடுத்த வருடம் புது சிமெண்டு பூசினாள். வந்தபோதெல்லாம் தூணைத்தான் பார்த்தாள், வீட்டைப் பார்க்கவில்லை. பிறகு சோர்ந்துபோய், 'பழுதான நிலையம்' என்று எழுதி அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் தூண்ல மாட்டைக் கட்டுறாரோ என்னவோ" என்று மேலதிகாரி சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பதுகூட மாடிப்படி ஏறுவது போலத்தான் இருந்தது.

வீடு எப்போது நடக்கத் தொடங்கியது என்று கேட்டால் ஊரார் சரியாகச் சொல்வார்கள். அவர்கள் இருவரும் சண்டை போடுவதை நிறுத்திய குளிர்காலத்தில். அதற்கு முன்பு அந்த வீட்டுச் சத்தம் மாதா கோவில் வரை கேட்கும். நீ போகாதே என்று அவன் கத்துவான், நீயும் வா என்று இவள் கத்துவாள். பிறகு இருவருக்கும் அலுத்துவிட்டது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து ஆன்டெனா நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்பான். மழையா என்பாள். மழைதான் என்பான்.

வீடு செங்குத்தான கரையின் விளிம்பை நெருங்கிய ஆண்டு, பக்கத்து வீட்டு ரொசேந்தோ மான்சிய்யா மிங்கா கூட்டினான். அந்தத் தீவில் ஒரு வீட்டை இடம் மாற்ற ஊரே கூடிக் காளைகளைப் பூட்டி இழுப்பதும், வீட்டுக்காரன் எல்லோருக்கும் வயிறாரச் சோறு போடுவதும் வழக்கம். வீட்டுக்கடியில் மரக்கட்டைகளைச் செருகி, பழைய அஸ்திவாரக் கல் வரை இழுத்து வைத்தார்கள். தூணையும் வேரோடு தோண்டி, கம்பளியில் சுற்றி, குழந்தையைப் போலச் சறுக்குவண்டியில் கொண்டுவந்து கதவருகே நட்டார்கள். பாட்டரி ஒயரைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

நகரத்தில் மிர்த்தா திரையைப் பார்த்தாள். கழித்துவிட்ட அந்த நிலையம் ஒரே பிற்பகலில் பல அடி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்திருந்தது. பழுதான கருவி நடுங்கும், இப்படி நிதானமாக நடந்து போகாது. பூமி அங்கே கிழிகிறது என்று நினைத்தாள். வீட்டுக்குத் தொலைபேசி போட்டாள். எல்லோரும் சூடான கற்குழியில் வெந்த சிப்பியும் இறைச்சியும் தின்றுகொண்டிருந்ததால் யாரும் எடுக்கவில்லை. நீரிணையைப் படகில் கடந்து, பஸ் பிடித்து, மறுநாள் சேறும் கண்ணீருமாக வந்து சேர்ந்தவள் முதலில் பார்த்தது, மிச்ச விருந்தைச் சாப்பிடும் கூட்டத்தைத்தான். அபெலினோ கையில் ஆப்பிள் சாராயக் கோப்பையோடு நின்றான்.

"இந்தத் தூணை யாரு நகர்த்துனது?"

"நாங்கதான், டாக்டரம்மா" என்றான் ரொசேந்தோ பெருமையாக. "வீட்டை மட்டும் இழுத்துட்டு வந்து உன் சாமானை அநாதையா விட்டா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா?"

"வீட்டை ஏன்யா இழுத்தீங்க?"

"பள்ளத்துல விழுந்திருக்கும்ல. உன் புருஷன் அடுப்போட போய்ச் சேர்ந்திருப்பான்."

அவள் அபெலினோவின் பக்கம் திரும்பினாள். "இது நடக்குதா?"

"நடக்குது."

"எத்தனை வருஷமா?"

"நீ கேக்கல. போன்ல நீ கம்பியைத்தானே விசாரிப்ப. என்னிக்காச்சும் வீடு எப்படி இருக்குன்னு கேட்டியா?"

"நீயா சொல்ல வேண்டியதுதானே, கல்லுளிமங்கா!"

"சொன்னா மட்டும் வந்துருப்பியாக்கும்!"

கூட்டம் சாப்பிடுவதை நிறுத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பொழுது சாய்கிற வரை இருவரும் கத்தினார்கள். அதன் பிறகு மிர்த்தா நகரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கழித்துவிட்ட அளவுகளையெல்லாம் சமையலறை மேஜையில் பரப்பிப் பார்த்தாள். அசையாமல் அடக்கிக்கொண்டிருக்கும் கரை என்றைக்காவது எவ்வளவு தூரம் துள்ளும் என்று தன் தொழிலில் கணக்குப் போட்டிருந்தாளோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தை அந்த வீடு தனியாக, முன்கூட்டியே, சாண் சாணாக நடந்து முடித்திருந்தது. "கரை முழுக்க வாயை மூடிக்கிட்டு இருக்கு, நம்மள மாதிரி" என்றாள் கணவனிடம். "வீடுதான் பாவம், தனியா நடந்துருக்கு. அதைப் போய் திருப்பி இழுத்து வச்சிருக்கீங்க."

வீடு அதற்குள் மறுபடி கிளம்பியிருந்தது. இழுத்த தூரம் முழுவதையும் ஒரே கோடையில் நடந்து விளிம்புக்கு வந்தது. நிற்காமல், சமையலறையை அந்தரத்தில் நீட்டியது. ரொசேந்தோ காளைகளை ஓட்டி வந்தான். இழுத்துவிட்டால் வீடு மிஞ்சும். விட்டால் ஒரு மழைக்கே போய்விடும். "இழுக்காதே, கரை துள்ளப்போற இடத்துக்கு இது முன்கூட்டியே போய் நிக்குது" என்றாள் மிர்த்தா கணவனிடம். அவன் பிறந்தது அந்த வீட்டில்தான்.

"உன் கணக்கு தப்பா இருந்தா?" என்றான்.

"நமக்கு வீடு இருக்காது."

"நீ இருப்பியா?"

"இருப்பேன், எருமை. எங்க போவேன்?"

காளைகளைத் திருப்பி ஓட்டச் சொல்லிவிட்டான். நடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அவள் அனுப்பிய எச்சரிக்கைக்கு ஆய்வுக்கூடம் பதில் எழுதியது, அது உண்மையும்கூட. கில்மாய்கோக்காரர்கள் செயற்கைக்கோளை நம்பவில்லை, வீட்டை நம்பினார்கள். மூட்டை முடிச்சுகளோடு, கோழிகளோடு மேட்டுக்குப் போய்த் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, மழையை வைதபடி காத்திருந்தார்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, மாவு பிசைகிற நேரத்தில், நாடு நடுங்கியது. மாதா கோவில் மணி தானாக அடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள்: வயல், வேலி, பாதை, பாறை எல்லாம் ஒரே மூச்சில் கடல் பக்கம் பாய்ந்தன. அபெலினோவின் வீடு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. விளிம்பு வந்து சமையலறைக்கு அடியில் புகுந்தது, பழைய வாசல் மண் வந்தது, கடைசியில் பழைய அஸ்திவாரக் கல் வந்து பொருந்தி நின்றது. கடல் ஏறி வந்து பாறையில் முட்டித் திரும்பியது. படகுகள் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை. செயற்கைக்கோள்களும் அதையே சொல்லின: அந்தக் கரையிலேயே அன்றைக்கு அசையாத தூண், பழுதான நிலையம் ஒன்றுதான். மிர்த்தா அந்தப் பெயரை மாற்றவில்லை. அலுப்பாக இருந்தது.

அடுத்த வசந்தம் வரை வீடு அசையவில்லை, சத்தம்தான் மாதா கோவில் வரை கேட்டது. பிறகு ஒரு நாள் காலை வேலிக்கதவின் கொக்கி வீட்டுச் சுவரின் வளையத்தில் மாட்டவில்லை, ஒரு விரற்கடை தள்ளி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரொசேந்தோ பார்த்தான்.

"என்ன, ராத்திரி ரெண்டு பேரும் பேசாம படுத்துட்டீங்களா?"

"அசதிய்யா" என்றாள் மிர்த்தா.

"எனக்கும்தான்" என்றான் அபெலினோ உள்ளேயிருந்து. "ஆனா நீதான் மொதல்ல திரும்பிப் படுத்த."

"நானா? நானா!"

ரொசேந்தோ தலையை ஆட்டிக்கொண்டு, விதைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றி, தன் வேலையைப் பார்க்கப் போனான்.