ஒரு பொட்டலம், இரண்டு கேள்வி

டாக்டர் அறிவுச்செல்வியின் கையில் இருந்தது தையல்கடையில் கிடக்கிற சாதாரண அளவு நாடாதான். அதைப் பார்த்ததற்கே சத்யபிரியாவுக்கு ஈரக்குலை நடுங்கியது.

ஸ்கேனில் விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் மார்பில் வைத்த இரண்டு சிலிகான் பைகளில் இடதுபக்கத்துப் பை கிழிந்துவிட்டது. புற்று அது இது என்று எதுவுமில்லை. ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அந்த மட்டுக்கும் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டுதான் புதுச்சத்திரத்திலிருந்து சேலம் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது இந்த நாடா எதற்கு?

டாக்டர் கழுத்தெலும்பிலிருந்து கீழே அளந்தார். மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

"காம்பு மடிப்புக்கு ரெண்டு சென்டிமீட்டர் கீழ இறங்கியிருக்குங்க. ரெண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கீங்க, போன வருஷம் பதினாலு கிலோ குறைச்சிருக்கீங்க. தோல் தளர்ந்துபோச்சு. பையை மட்டும் மாத்தினா அது மேல நிக்கும், உங்க மார்பு அதுக்குக் கீழ தொங்கும். தூக்கித் தைக்கணும். லிஃப்ட்னு சொல்லுவோம்."

"கட்டாயமாங்க டாக்டர்?"

"பை மாத்தறது கட்டாயம். லிஃப்ட் உங்க முடிவு. பெரிய பையா வெச்சு அடைச்சுரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்தக் கனத்துல இன்னும் இறங்கும்."

பிறகு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். லிஃப்டும் சேர்த்தால் மயக்கத்தில் இருக்கும் நேரம் ஒன்றரை மணி கூடும். காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, மடிப்போடு ஒன்று. காம்புக்கு ரத்த ஓட்டம் குறைகிற ஆபத்தும் கொஞ்சம் உண்டு. மூன்று வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது.

"தலை வாரி விட, குளிக்க வைக்க, ஜாக்கெட் போட்டு விட ஊட்ல ஆள் இருக்காங்கல்ல? வியாழக்கிழமை ஆபரேஷன். புதன் சாயங்காலத்துக்குள்ள முடிவைச் சொல்லுங்க."

ஆள் இருக்கிறார். வரவேற்பு அறையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமியார் சென்னம்மாள். வந்த வினையே அதுதான்.

சென்னம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் மருமகளுக்கு மார்பில் ஒரு கட்டி, எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் போனது தைராய்டு வைத்தியத்துக்கு என்று சொல்லியிருந்தார்கள். மூத்தவன் தர்ஷனுக்குப் பால் மறந்த பிறகு, தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் சத்யபிரியாவே ஆசைப்பட்டுச் செய்துகொண்டது அது. புருஷன் தனபாலுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து மாமியார் கண்ணில் தன் மார்பு படாமல் எத்தனை பாடு! கதவைத் தாழ் போட்டுச் சேலை மாற்றினாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட உடம்பைத் துடைத்துவிட வந்த கையைத் தட்டிவிட்டாள். பையை மட்டும் மாற்றினால் மறுநாளே வீட்டுக்கு வந்து ஒப்பேற்றிவிடலாம். லிஃப்ட் என்றால் மூன்று வாரம் அந்தக் கையில்தான் குளிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மாமனார் சென்னியப்பன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போனவர், முக்கால் மணி நேர வேலை என்றார்கள், மயக்கம் தெளியவே இல்லை. தனக்கு லிஃப்டும் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம். தர்ஷனும் பாப்பாவும் தாயில்லாத பிள்ளைகளாக நிற்பதுபோல் கண்முன் வந்தது. அழகுக்கு ஆசைப்பட்டுச் செத்தாள் என்றல்லவா ஊர் பேசும்?

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்த தனபாலுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டையும் ஒண்ணா முடிச்சுரு சத்யா. வண்டியக் கொண்டுபோயி ஒருக்கா போர் போடற பாயிண்ட்டுல நிறுத்திட்டா, வேலைய முழுசா முடிச்சுட்டுத்தானே கெளப்போணும்?"

"நான் என்ன ரிக்கு வண்டியாங்க?" என்று போனை வைத்துவிட்டாள். மனுஷன் நல்லவன்தான். பேசத்தான் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சென்னம்மாள் மருமகளை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க, கிணறு வெட்ட, எதற்கும் ஆத்தாளிடம் பூ கேட்காமல் யாரும் துணிவதில்லை. வெள்ளைப்பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப்பூ இன்னொரு பொட்டலத்தில், அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலங்களை சென்னம்மாள் வீட்டிலேயே காகிதத்தில் மடித்து நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ஆத்தா, இவளுக்கு ஆபரேசன் பண்ணலாமா, வேண்டாமா? நீதான் சொல்லோணும்" என்று வாய்விட்டுக் கேட்டார் சென்னம்மாள்.

பக்கத்தில் கண்ணை மூடி நின்ற சத்யபிரியா மனதுக்குள் வேறு கேட்டாள். 'வெள்ளை வந்தால் லிஃப்ட். சிவப்பு வந்தால் பை மட்டும். தாயே, சிவப்பைக் கொடு.' அறிவு கெட்டவள்! ஒரே பொட்டலத்தில் இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டால் அம்மன்தான் என்ன செய்வாள்?

பொங்கல் வைக்க வந்த குடும்பத்துச் சின்னப் பெண் ஒருத்தி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி. இன்னொன்றை சென்னம்மாள் சட்டென்று எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாடா என்றிருக்க வேண்டும் சத்யபிரியாவுக்கு. இல்லை. நெஞ்சு பொசுக்கென்று வாடிப்போனது. லிஃப்ட் வேண்டாம் என்று வேண்டியது அவள் பயம்தான். அவளுக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும் என்று அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அதற்குள் சென்னம்மாள் மகனுக்குப் போன் போட்டாயிற்று. "ஆத்தா வேண்டாம்னுட்டா தனபாலு. ஆபரேசனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாட்டு மருந்து பாத்துக்கலாம்."

கேட்டதும் சத்யபிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழிந்த பை உள்ளே கிடக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லப்போனால் எது கிழிந்தது, எப்போது வைத்தது என்று எல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதோடேயே கிடக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியவள், காரின் இடதுபக்க இருக்கைக்கு அடியில் நூல் சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பார்த்தாள். மாமியார் இடுப்பிலிருந்து விழுந்திருக்கிறது. வெள்ளைப்பூவையாவது கண்ணால் பார்ப்போம் என்று பிரித்தாள்.

உள்ளே இருந்ததும் செவ்வரளி.

சென்னம்மாள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சத்யபிரியா பொட்டலத்தை முறத்தில் போட்டாள்.

"ஏனுங்கத்தெ, ரெண்டுமே சிவப்புங்களா?"

கிழவி நிமிர்ந்து பார்க்கவில்லை. உரித்த கடலையையே திரும்பத் திரும்ப உருட்டினார்.

"உங்க மாமாவுக்கும் நாந்தான் பூக் கேட்டேன்" என்றார் கடைசியில். "வெள்ளைதான் வந்துச்சு. சந்தோசமாத்தான் அனுப்பி வெச்சேன். பொணமாத்தான் கொண்டாந்தாங்க. இந்த வாட்டி நான் கேக்கவே இல்ல சாமி. கேட்டா வெள்ள வந்துருமோன்னு பயமா இருந்துச்சு."

ஆத்தாளையே ஏமாற்றத் துணிந்த பயம் என்றால் அது எப்பேர்ப்பட்ட பயம்! இனிமேல் இவரிடம் மறைக்க சத்யபிரியாவுக்கு மனம் வரவில்லை.

"நானும் பொய்தானுங்க சொன்னேன். கட்டியெல்லாம் இல்லீங்க."

பெங்களூரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். பை, கிழிசல், லிஃப்ட், மூன்று வாரம், எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

சென்னம்மாள் வாயைப் பிளந்து பார்த்தார்.

"அடக் கருமமே! இதுக்கா பன்னண்டு வருசமா கதவச் சாத்திட்டுச் சேல மாத்துனே? என்னையக் கண்டா உனக்கு ஆகலைன்னில்ல நெனச்சிட்டிருந்தேன். காச்சல்ல தொடக்கூட உடல, அன்னைக்கு நான் அழுதேன், தெரியுமா உனக்கு?"

சத்யபிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிழவி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கிழிஞ்சத உள்ளார வெச்சுக்க முடியாது. எடுத்துத்தான் ஆகோணும்."

"ஆமாங்க."

"அந்தத் தூக்கித் தைக்கறது?"

"அது கட்டாயமில்லீங்க. எனக்குத்தான்... எனக்கு வேணுமுங்கத்தெ." சொல்லிவிட்டாள். "ஆனா பயமா இருக்குது. பயந்து சாவறேன்."

"எனக்குந்தான்" என்றார் சென்னம்மாள். இரண்டு பேரும் கடலைக்காயை உரித்துத் தீர்த்தார்கள்.

வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு முன்னால் கோடு போட டாக்டர் ஊதா மைப்பேனாவோடு வந்தார். மாமியாரை வெளியே இருக்கச் சொல்லப்போனார் நர்ஸ்.

"அத்தை இருக்கட்டுமுங்க" என்றாள் சத்யபிரியா. கல்யாணமாகி முதல்தடவையாக அவர் முன்னால் மேலாடையைக் களைந்தாள். டாக்டர் மடிப்பில் ஒரு கோடு போட்டு நிறுத்தினார்.

"நேத்து போன்ல சொன்னதுதானே? லிஃப்டும் சேர்த்தா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். சென்னம்மாளின் முகம் வெளுத்திருந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சேர்த்தேதானுங்க டாக்டர்." பல் கிட்டித்தது. ஆனால் வார்த்தை முழுசாக வந்தது.

கோடுகளெல்லாம் போட்டு முடித்ததும் சென்னம்மாள் கிட்டே வந்தார். மருமகளைத் திருப்பி உட்கார வைத்து, தலையை வாரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரி இரட்டைச்சடை பின்னினார். விரல்கள் குளிர்ந்திருந்தன. மூன்று வாரத்துக்கான வேலையை அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தலையில பூ, வளையல், தோடு ஏதாவது இருந்தா கழட்டிருங்க" என்றார் நர்ஸ்.

"பூவெல்லாம் இல்லீங்க" என்றார் சென்னம்மாள். "பூக் கேக்காமத்தான் கூட்டியாந்திருக்கேன்."

தள்ளுவண்டி தியேட்டர் கதவு வரைக்கும் போனது. அதற்கு மேல் அவரை விடவில்லை. சத்யபிரியாவுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்று அப்போதும் தோன்றியது. மாமியாரின் கையை விட்டாள்.

"வாரேனுங்கத்தெ."

"வரோணும் சாமி" என்றார் சென்னம்மாள். "நீ வரோணும்."