ஆஃப் பண்ணிப்போட்டேனுங்க

விமானம் விழுந்ததற்குக் காரணம் ஒரு வினைச்சொல் என்று விசாரணைக் குழுவில் பேச்சு வந்தபோது, கிருபா தன் காதுகளை நம்பவில்லை.

கோவை பீளமேட்டில் கிளம்பிய அந்தத் தனியார் விமானம், திரும்பி இறங்க முயன்று ஒரு சோளக்காட்டில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கிருபாவின் கணவன் கதிர்தான் துணை விமானி. கருப்புப் பெட்டியில் கடைசி நேரப் பேச்சு பதிவாகியிருந்தது. இடது என்ஜினில் தீ. விமானிகள் இருவருமே கொங்குக்காரர்கள். பதற்றத்தில் ஆங்கிலம் மறந்துபோயிருந்தது.

"இடது பக்கத்த ஆஃப் பண்ணு கண்ணு!" என்கிறார் கேப்டன் லட்சுமணசாமி.

"ஆஃப் பண்ணிப்போட்டேனுங்க!" என்கிறான் கதிர்.

அப்படியும் அந்த என்ஜினுக்கு எரிபொருள் பாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். அல்லது கதிர் மறுபடி ஸ்விட்சைப் போட்டிருக்கலாம். வால்வும் உருகிவிட்டது, ஸ்விட்சும் உருகிவிட்டது. மிஞ்சியது அந்த ஒரு சொல்.

டெல்லியிலிருந்து வந்த மொழி வல்லுநர் நமச்சிவாயம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"'லைட்டைப் போட்டேன்' என்றால் எரியவிட்டேன் என்று பொருள். 'ஆஃப் பண்ணி' என்பது எச்சம். 'போட்டேன்' என்பது முற்று. முதலில் ஆஃப் பண்ணினார், பிறகு போட்டார். அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்."

தமிழ் இலக்கணத்தை விமான நிறுவனத்தின் வக்கீல் அளவுக்கு ரசித்துக் கேட்டவர் யாரும் இருக்க முடியாது.

கிருபா எழுந்துவிட்டாள். சரவணம்பட்டியில் மென்பொருள் சோதிப்பவள். "சார், எங்கூர்ல எல்லாத்துக்கும் 'போட்டு'தானுங்க. தின்னுபோட்டோம், தூங்கிப்போட்டோம், மறந்துபோட்டோம்னுதான் சொல்லுவோம். தூங்கினவன் எந்திரிச்சு எதைப் போட்டானுங்க?"

"மனைவி அப்படித்தான் சொல்வார்," என்றார் வக்கீல்.

விசாரணை அதிகாரி தேவசகாயம் சென்னைக்காரர், பொறுமைசாலி. "நேரில் போய் அந்த மக்கள் பேசுவதைக் கேட்டுவிடலாமே," என்றார்.

கிணத்துக்கடவில், கதிர் வீட்டு வாசலில், கார்கள் வரிசையாக வந்து நின்றன. கதிரின் அம்மா ராமாத்தாள் தட்டோடு வந்தாள்.

"வாங்க, வாங்க. டீ போட்டுப்போட்டேனுங்க, குடிங்க."

இரண்டு 'போட்டு' கேட்ட நமச்சிவாயம் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு, இரண்டாவது டீக்காகக் காத்திருந்தார்.

அலமாரியில் கதிரின் போட்டோ இருந்தது. சீருடை, சிரிப்பு. மாலை இல்லை.

"மாலை போடலையாம்மா?" என்றார் தேவசகாயம்.

"இத்தனை சனத்தைக் கொன்னவன்னு பேரு இருக்குதுங்களே. அது போவட்டும். அப்புறம் போட்டுக்கலாம்," என்றாள் ராமாத்தாள்.

அதற்குள் பின்பக்கம் ஒரு சத்தம். தோப்பு மோட்டாருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார் கதிரின் அப்பா அங்கப்பன். அதன் ஸ்விட்ச் வீட்டுக்குள்.

"ஏ அம்மிணி! கரண்டை நிறுத்து!"

ராமாத்தாள் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கத்தினாள்: "ஆஃப் பண்ணிப்போட்டேனுங்கோ!"

அங்கப்பன் தோலுரித்த ஒயரை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க!" நமச்சிவாயம் வேட்டி தடுக்கத் தோப்புக்குள் ஓடினார். "மறுபடி போட்டிருக்காங்க!"

"ஆருங்க போட்டது?"

"உங்க சம்சாரம்!"

"அவதான் ஆஃப் பண்ணிப்போட்டேன்னு சொல்லிப்போட்டாளே," என்று ஒயரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார் அங்கப்பன்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு தேங்காய் மட்டும் எங்கோ விழுந்தது.

"ஊரிலேயே கரண்ட் போயிருக்கலாம்," என்றார் வக்கீல். வீட்டுக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவசகாயம் வல்லுநரைக் கேட்டார்: "உங்கள் இலக்கணப்படி இவர் இப்போது எப்படி இருக்க வேண்டும்?"

"இலக்கணப்படி... இறந்திருக்க வேண்டும்."

"என்ற மாமனாரு இந்தச் சொல்லை நம்பி உசுரையே வெக்கறாருங்க," என்றாள் கிருபா. "அந்தக் கேப்டனும் இதே சொல்லைத்தான் கேட்டுப்போட்டு அடுத்த வேலையப் பார்த்தாரு. சந்தேகம்னா நீங்களும் ஒருக்கா தொட்டுப் பாருங்க."

வல்லுநர் தொடவில்லை. ஆனால் அன்றே தன் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சொல் கைவிட்டதும் குழு வேறு வழியின்றி வால்வைத் தேடிப் போனது. அதே நிறுவனத்தின் மற்ற விமானங்களைக் கழற்றிப் பார்த்தார்கள். சிலவற்றில் வால்வு பாதி மூடி, பாதியில் துருப்பிடித்துச் சிக்கி நின்றது. ஸ்விட்சை எத்தனை முறை அணைத்தாலும் அது அசையவில்லை.

அறிக்கை முடிந்ததும் தேவசகாயமே கிருபாவுக்குப் போன் செய்தார். கொங்கு நாட்டில் பல வாரம் சுற்றியதில் அவர் நாக்கு சற்றுத் திரும்பியிருந்தது.

"அம்மா, வால்வுதான் காரணம்னு எழுதியாச்சு. கதிர் பேரை எடுத்துப்போட்டோமுங்க."

கிருபா உடனே கேட்டாள்: "எடுத்துட்டு... மறுபடி போட்டீங்களா சார்?"



"இல்லம்மா. உங்க ஊர் 'போட்டு'தான்."

போனை வைத்தாள். ராமாத்தாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்ன அம்மிணி சொல்றாங்க?"

"அவரு பேரை எடுத்துப்போட்டாங்களாமுங்கத்தை."

ராமாத்தாள் அலமாரியைப் பார்த்தாள். முந்தானையால் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தாள்.

"செரி கண்ணு," என்றாள். "அப்ப மாலையைப் போட்டுப்போடலாம்."